சம்பளப் பட்டியலுக்கு வெளியே: சிங்கப்பூர்த் தமிழ்ப் பெண்களின் கைத்தொழிலும் கூட்டுறவும்

டேங்க் ரோட்டிலிருந்து புக்கிட் தீமா வரை 1903ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலும், அங்கிருந்து தீவின் வடகோடியிலுள்ள உட்லண்ட்ஸ் வரை அதே ஆண்டு ஏப்ரலிலும் திறக்கப்பட்ட இரயில் பாதை, சிங்கப்பூர்–கிராஞ்சி இரயில்வே என்ற பெயரால் அறியப்பட்டது. அதன் தென்முனையில் 1859இல் நகரத்தார் எழுப்பிய தெண்டாயுதபாணி கோயிலும், சற்றுத் தொலைவில் அவர்கள் கிட்டங்கிகளில் அமர்ந்து வட்டித்தொழில் நடத்திய மார்க்கெட் ஸ்திரீட்டும் இருந்தன. வடமுனையில், தோல் பதனிடப் பயன்பட்ட கேம்பியர் செடியும் மிளகுக் கொடியும் நெடுங்காலம் பயிரிடப்பட்டுச் சாரமிழந்த கிராஞ்சி, மண்டாய்ப் பகுதி நிலங்களில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர் பரவிக்கொண்டிருந்தது. கடனுக்குப் பணம் கிடைக்கும் இடத்தையும் கூலிக்கு வேலை கிடைக்கும் இடத்தையும் இணைத்த அந்தப் பாதையின் இரு மருங்கிலும் குடியேறிய தமிழ்ப் பெண்களில் ஒரு பகுதியினர் எவரிடமும் கூலி பெறாமல் தம் கையை நம்பிப் பிழைத்தனர் என்பதும், கூட்டுறவு என்ற ஏற்பாடு இத்தீவுக்கு வந்தபோது அது அவர்களைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமலே வடிவம் பெற்றது என்பதும் சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றில் போதிய கவனம் பெறாத செய்திகள்.

கங்காணி முறையில் ஆள் திரட்டிய காலத்தில் கடல் கடந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். மனைவியின்றித் தனியே செல்லும் ஆண்களின் விகிதத்தைக் கட்டுப்படுத்த, 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ் விதி வகுக்கப்பட்ட பின்னரும், மலாயாவைப் பொறுத்தவரை அவ்விதி முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. 1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு எடுக்கப்பட்டபோது சிங்கப்பூர் இந்தியரில் ஏறத்தாழ 5 ஆண்களுக்கு 1 பெண் என்ற நிலையே இருந்தது. எண்ணிக்கையில் இவ்வளவு சிறுபான்மையாக இருந்த பெண்களின் உழைப்பைப் பற்றிய பதிவுகளும் சிறுத்தே போயின. தோட்டத்தில் வேலை செய்தவளின் பெயராவது செக்ரோலில், அதாவது தோட்ட நிர்வாகம் நாள்தோறும் ஆள் குறித்த வருகைப் பட்டியலில், இடம்பெற்றது. 1920களின் பிற்பகுதியில் மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளில் அரசு வகுத்த தரக்கூலி ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசாகவும் பெண்ணுக்கு 40 காசாகவும் இருந்தது என்பது அப்படிப்பட்ட பட்டியல்களாலும் கூலி ஆணைகளாலும்தான் இன்றும் தெரிகிறது. சந்தை ஓரத்தில் அம்மிக்கல்லை வைத்துக்கொண்டு அமர்ந்தவளுக்கும், வீட்டில் பலகாரம் செய்து விற்றவளுக்கும், கோயில் வாசலில் பூக்கட்டியவளுக்கும் செக்ரோலும் இல்லை, கூலி ஆணையும் இல்லை.

இவர்களில் மசாலா அரைத்த பெண்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் அத்தொழில் தமிழ்ப் பெண்ணின் அடுக்களைத் திறமை நேரடியாகச் சந்தைச் சரக்காக மாறிய இடம். குளிர்சாதனப் பெட்டியும் பொட்டலத் தூளும் வீடுகளுக்கு வந்து சேராத காலத்தில், அன்றைய குழம்புக்கு வேண்டிய மிளகாய், மல்லி, சீரகம், மஞ்சள், வெங்காயம், பூண்டு ஆகியவற்றை அன்றன்றே ஈரமாக அரைத்து வாங்கிச் செல்லும் வழக்கம் சிங்கப்பூர்ச் சந்தைகளில் இருந்தது. மீனா, ஆட்டிறைச்சியா, காய்கறியா என்று கேட்டு, எத்தனை பேருக்குச் சமையல் என்பதையும் அறிந்து, ஒவ்வொன்றிலும் வழித்தெடுக்கும் அளவைக் கண்ணாலேயே முடிவுசெய்து, உருண்டை உருண்டையாக இலையில் வைத்துக் கொடுத்த அப்பெண்களிடம் தமிழர் மட்டுமல்லர், மலாய்க்காரரும் பெரனாக்கான் சீனரும் வாடிக்கையாளராக இருந்தனர். முதல் என்று சொல்லத்தக்கது ஒரு கல்லும் அன்றாடம் வாங்கும் சரக்கும்தான். ஆனால் அந்த அன்றாடச் சரக்கை வாங்கக் காலையில் கையில் காசு இருக்க வேண்டும். மளிகைக் கடைக்காரர் கடனுக்குக் கொடுத்தால் அவர் சொன்ன விலைக்கே வாங்கவும் வேண்டும். பிள்ளைப்பேறோ காய்ச்சலோ வந்து பத்து நாள் கல்லில் அமர முடியாமல் போனால், அந்தப் பத்து நாள் வருமானத்தோடு வாடிக்கையும் போய்விடும். உடலுழைப்பு மிகுந்த அத்தொழில், அரவை ஆலைகளும் அடைக்கப்பட்ட தூள்களும் பெருகிய பிறகு மெல்ல மறைந்தது.

பால் தொழிலில் பெண்ணின் பங்கு இன்னும் மறைவானது. பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு, கண்டாங் கெர்பாவ் என்று எருமையின் பெயரைத் தாங்கிய இடங்கள் சிராங்கூன் சாலைப் பகுதி ஒருகாலத்தில் மாட்டுத்தொழிலின் களமாக இருந்ததைக் காட்டுகின்றன. வீடு வீடாகப் பால் ஊற்றியவர் ஆண்; ஆகவே படங்களிலும் நினைவுக் குறிப்புகளிலும் பால்காரர் ஆணாகவே நிற்கிறார். மாட்டைப் பேணும் குடும்பத்தில் தீவனம் வைப்பதும் தொழுவம் கூட்டுவதும் பாத்திரம் துலக்குவதும் எவர் வேலை என்பது தமிழ்நாட்டுக் கிராமங்களை அறிந்த எவருக்கும் விளங்கும். 1936இல் நகராட்சி அப்பகுதியில் கால்நடை வைத்திருப்பதைத் தடைசெய்தபோது அத்தொழில் நகரின் வெளிப்புறங்களுக்கு நகர்ந்தது. வாடிக்கை நகருக்குள் இருக்க, தொழுவம் மட்டும் தொலைவுக்குப் போயிற்று.

இத்தகைய சிறுதொழில்களுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியே கூட்டுறவு வரலாற்றின் மையக் கேள்வி. மார்க்கெட் ஸ்திரீட்டின் நகரத்தார் நோட்டின்பேரிலும் சொத்தின்பேரிலும் கடன் தந்தனர். தோட்டம் வாங்குவோர், வணிகர், மாதச் சம்பளக்காரர் ஆகியோரே அவர்களுடைய இயல்பான வாடிக்கையாளர். அம்மிக்கல்லின்பேரில் எவரும் கடன் தரமாட்டார். அடகுக்கடை பொன்னுக்குப் பணம் தந்தது; பொன் இருந்தவரைதான் அந்த வழி. மிச்சமிருந்த வழி, ஊரிலிருந்தே உடன்வந்த சீட்டு.

சீட்டின் இயக்கம் எளியது. அதைச் சொல்லிவிட்டால் பின்னால் வரும் சட்டச் சிக்கல்கள் விளங்கும். 20 பெண்கள் மாதம் 10 வெள்ளி வீதம் 20 மாதங்களுக்குச் சீட்டுக் கட்டுவதாக வைத்துக்கொண்டால், ஒவ்வொரு மாதமும் 200 வெள்ளி சேரும். குலுக்குச் சீட்டில் பெயர் விழுந்தவர் அத்தொகையை முழுதாக எடுத்துக்கொள்வார். ஏலச்சீட்டில், அவசரம் உடையவர் 30 வெள்ளி தள்ளிக் கேட்டால் அவர் 170 வெள்ளி பெறுவார். தள்ளிய 30 வெள்ளி மற்றவர்களுக்குப் பகிரப்படும். முதலில் எடுப்பவருக்கு அது கடன், கடைசியில் எடுப்பவருக்கு அது சேமிப்பு, நடுவில் எடுப்பவருக்கு இரண்டும். பிணை என்று எழுத்தில் ஒன்றும் இல்லை. ஒரே வரிசை வீடுகளில் வாழ்வதும், ஒருவரையொருவர் நாள்தோறும் பார்ப்பதும், பணம் கட்டத் தவறினால் அடுத்த சீட்டில் இடம் கிடைக்காது என்பதுமே பிணை. சீட்டு பிடிக்கும் பெண், யார் தவறினாலும் தன் கையிலிருந்து போட்டு நிரப்பும் பொறுப்பை ஏற்றாள். எழுதப்படிக்கத் தெரியாத பெண்களிடையே கணக்கு பிசகாமல் நடந்த இந்த ஏற்பாட்டை ஒரு நிதி நிறுவனம் என்றே கொள்ள வேண்டும். அதன் விதிகள் தாளில் இல்லாதது அதைக் குறைத்து மதிப்பிடக் காரணமாகாது.

சட்டத்தின் பெயரால் கூட்டுறவு வந்த வழி வேறு. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 1844இல் 28 பேர் தொடங்கிய நுகர்பொருள் அங்காடியும், ஜெர்மனியில் ராய்ஃபைசன் உழவர்களுக்காக அமைத்த கிராமக் கடன் சங்கமும் அதன் இரு மூலங்கள். சென்னை மாகாண அரசின் பணிப்பில் இவற்றை ஆராய்ந்து 1895 முதல் 1897 வரை அறிக்கை தந்த ஃபிரெடெரிக் நிக்கல்சன், ராய்ஃபைசன் முறையே இந்தியக் கிராமங்களுக்கு ஏற்றது என்று கருதினார். 1904இல் இந்தியக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது; குறைந்தது 10 பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம் என்றது அது. அதே ஆண்டு ஆகஸ்டில் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் கடன் சங்கம் பதிவாயிற்று. சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் அவ்வாண்டில் தோன்றியதே. கடன் அல்லாத பிற தொழில்களுக்கும் 1912ஆம் ஆண்டுச் சட்டம் வழிதிறந்தது. இந்த மாதிரி கடல் கடந்து, மலாய்க் கூட்டமைப்பு மாநிலங்களில் 1922இலும், சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் 1924இலும் சட்டமானது. 1925இல் சிங்கப்பூர் அரசு ஊழியர் கூட்டுறவுச் சிக்கனக் கடன் சங்கம் தொடங்கப்பட்டது. இத்தீவின் முதல் கூட்டுறவுச் சங்கம் அதுவே.

கடல் கடந்தபோது அந்த மாதிரியில் ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்தது. திரூரில் சங்கத்துக்கு அடித்தளம் ஊர். ஒரே ஊரில் வாழ்வோர் ஒருவரையொருவர் அறிவர், ஆகையால் ஒருவருக்கொருவர் பொறுப்பேற்பர் என்பது ராய்ஃபைசன் கொள்கை. சிங்கப்பூரில் சங்கத்துக்கு அடித்தளம் சம்பளப் பட்டியல். முதல் உலகப் போருக்குப் பின் விலைவாசி ஏறி, எழுத்தர்களும் ஆசிரியர்களும் சுங்கத்துறை ஊழியர்களும் வட்டிக்காரரிடம் சிக்கியிருந்த நிலையில், அவர்களை மீட்பதே அரசின் நோக்கமாக இருந்தது. மாதந்தோறும் சம்பளம் கொடுக்கும் இடத்திலேயே சந்தாவையும் கடன் தவணையையும் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவது என்ற முறையால், சங்கங்களுக்குக் கடன் திரும்பாமல் போகும் அச்சம் இல்லாதுபோயிற்று. 1940க்குள் 40க்கும் மேற்பட்ட சங்கங்கள் இவ்வாறு உருவாயின. நிர்வாகத்தின் நோக்கில் அது நேர்த்தியான ஏற்பாடு. பலரைக் கடனிலிருந்து காத்தது என்பதிலும் ஐயமில்லை. மலாயாவின் தோட்டங்களிலும் தென்னிந்தியத் தொழிலாளர்க்கெனச் சிக்கனச் சங்கங்கள் அமைக்கப்பட்டபோது, செக்ரோலில் பெயருள்ள பெண்ணுக்கும் அவற்றில் இடம் கிடைத்தது. ஆனால் பிடித்தம் செய்யச் சம்பளம் இல்லாதவர், பிடித்துத் தர முதலாளி இல்லாதவர், இந்த ஏற்பாட்டின் வாயிலுக்கே வர முடியவில்லை. சீட்டு பிடித்த பெண்கள் திரூரின் கொள்கைக்கு, அதாவது அக்கம்பக்கத்தின் அறிமுகமே பிணை என்பதற்கு, சிங்கப்பூர்ச் சங்கங்களைவிட நெருக்கமானவர்கள். இருந்தும் அவர்களே வெளியில் நின்றனர்.

தமிழ்ப் பெண்களுக்கு மட்டும் நேர்ந்த விலக்கம் அன்று இது. பொருளாதார மந்தத்தின்போது சீன ஆண்களின் வருகைக்கு வரம்பிட்ட 1933ஆம் ஆண்டின் வேற்றுநாட்டார் சட்டம் பெண்களுக்கு 1938 வரை வரம்பிடாததால், அவ்வாண்டுகளில் பெருந்திரளான சீனப் பெண்கள் வந்திறங்கினர். சிவப்புத் தலைத்துணியோடு கட்டுமான வேலை செய்த சம்சுய் பெண்களும், மணம் மறுத்து வீட்டுவேலை செய்த அமாக்களும் அவர்களில் அடங்குவர். சைனாடவுனில் பலர் சேர்ந்து ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, வேலையற்றவருக்கு அதில் படுக்க இடமும், நோயுற்றவருக்குச் செலவும், இறந்தவருக்கு அடக்கமும் பொதுவில் பார்த்துக்கொண்ட கொங்சி வீடுகள் அவர்களுடைய கூட்டுறவு. தனித்து வந்த சீனப் பெண்களுக்கு அறை பொதுவாயிற்று. குடும்பத்தோடு வந்த தமிழ்ப் பெண்களுக்கு அறை குடும்பத்தினுடையது, ஆகவே பணம் மட்டும் பொதுவாயிற்று. இரண்டும் பதிவாளரின் ஏட்டில் ஏறவில்லை.

சம்பளம் பெற்ற தமிழ்ப் பெண்கள் பெரிய அளவில் சங்கத்தின் உடைமையாளரான நிகழ்ச்சி கடற்பாலத்துக்கு அப்பால், மலாயாவில் நடந்தது. 1950களில் ஐரோப்பியத் தோட்டங்கள் துண்டு போடப்பட்டு விற்கப்பட்டபோது வேலையும் குடியிருப்பும் ஒருசேரப் பறிபோன தொழிலாளர்களுக்காக வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் 10 வெள்ளி வீதம் கட்டி 100 வெள்ளிப் பங்கு பெறலாம் என்ற அதன் அழைப்பு, சீட்டுக் கட்டிப் பழகிய கைகளுக்குப் புதிதாகத் தோன்றியிராது. கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. இரப்பர்ப் பால் வெட்டிய பெண்கள் பங்குதாரராயினர். சம்பந்தனுக்குப் பின் அவர் துணைவியார் உமாசுந்தரி நெடுங்காலம் தலைமைப் பொறுப்பில் இருந்தார். தோட்டத் தொழிலாளியை உடைமையாளராக்க முடியும் என்பதை அது காட்டியது. எனினும் அதன் அடித்தளமும் கூலிப் பட்டியலே.

சிங்கப்பூரில் சுயதொழிலாளரைப் பற்றி அரசு முனைப்புடன் சிந்தித்த காலம் 1960களின் இறுதி. தெரு வியாபாரிகள் 1968, 1969ஆம் ஆண்டுகளில் தீவெங்கும் பதிவு செய்யப்பட்டு, பின்னர் 1986 வரையான காலத்தில் அங்காடி மையங்களுக்கு மாற்றப்பட்டனர். உரிமம் தனியாளின் பெயரில், கடை தனியாளுக்கு. பல பெண்கள் சேர்ந்து ஒரு கடையைச் சங்கமாக நடத்தும் ஏற்பாட்டுக்கு அந்தத் திட்டத்தில் வடிவம் இல்லை. அதே காலத்தில் வேறொரு சுயதொழிலாளர் கூட்டத்துக்குக் கிடைத்த கவனத்தோடு இதை ஒப்பிட வேண்டும். உரிமமின்றி வாடகைக்கார் ஓட்டிய ஆண்களை ஒழுங்குபடுத்த, தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் 1970இல் கம்ஃபர்ட் என்ற பெயரில் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டுறவைத் தொடங்கியது. வண்டி வாங்கக் கடன் ஏற்பாடாயிற்று, தவணை கட்டி முடித்தால் வண்டி ஓட்டுநருக்கே உரியதாகும் என்ற நிலையும் வந்தது. 1993இல் அது நிறுவனமாக மாற்றப்படும்வரை கூட்டுறவாகவே இயங்கியது. முதலாளி இல்லாதவர், மாதச் சம்பளம் இல்லாதவர், அன்றாட வசூலில் வாழ்பவர் ஆகியோரைக் கொண்டு கூட்டுறவு நடத்த முடியும் என்பதைச் சிங்கப்பூர் அன்றே நிறுவிக் காட்டியது. அம்மிக்கல்லோடும் பூக்கூடையோடும் அமர்ந்திருந்தவர்களின் வரவும் அப்படிப்பட்ட அன்றாட வசூல்தான். அந்த அனுபவத்தை அவர்கள் பக்கம் திருப்பத் தடையாக இருந்தது முறையின் குறை அன்று, அவர்களைத் தொழில் செய்பவர்களாக எண்ணாத பார்வையே.

சீட்டுக்கு நேர்ந்தது வேறு கதி. நிறுவனங்கள் பெருந்தொகைச் சீட்டுகளை நடத்தத் தொடங்கியதால் 1971இல் சிங்கப்பூர் சீட்டு நிதிச் சட்டத்தை இயற்றி, உரிமம் பெற்ற நிறுவனங்களுக்கு மட்டுமே அத்தொழிலை அனுமதித்தது. மலேசியாவும் அவ்வாண்டிலேயே தடைச்சட்டம் கொண்டுவந்தது. ஆனால் உரிமம் பெற்றிருந்த ஜெமினி சீட்டு நிதி நிறுவனமே 1973இல் சரிந்து, நம்பிப் பணம் போட்டவர்களைத் தவிக்கவிட்டது. ஒருவரையொருவர் அறிந்த 20 பேரின் சீட்டுக்கும், ஒருவரையொருவர் அறியாத ஆயிரக்கணக்கானோரிடம் நிறுவனம் திரட்டிய சீட்டுக்கும் பெயர் ஒன்று. பாதுகாப்பு வேறு வேறு. சட்டம் நிறுவனத்தைப் பாதுகாப்பானதாகவும் அக்கம்பக்கத்தை ஐயத்துக்குரியதாகவும் கொண்டது. அக்கம்பக்கச் சீட்டைக் கூட்டுறவுச் சங்கமாகப் பதிந்து, கணக்குத் தணிக்கைக்கும் சேமக் காப்பு நிதிக்கும் உட்படுத்தி வளர்த்திருக்கலாம் என்ற மூன்றாவது வழி எடுத்தாளப்படவில்லை.

அந்த மூன்றாவது வழி அப்பத்தாண்டில் இந்தியாவில் திறக்கப்பட்டது. அதற்கு முன்னோடி பம்பாயில் இருந்தது: 1959 மார்ச் 15 அன்று கிர்காம் பகுதிக் குடியிருப்பொன்றின் மாடியில் குஜராத்திப் பெண்கள் எழுவர் 80 ரூபாய்க் கடனில் அப்பளம் இட்டுத் தொடங்கிய லிஜ்ஜத். மாவைப் பொது மையத்தில் பிசைந்து, உறுப்பினர் வீட்டுக்கு எடுத்துச்சென்று இட்டுக் காயவைத்து, மறுநாள் மையத்தில் கொடுத்து அன்றைய கூலியைப் பெறுவது அதன் முறை. உறுப்பினர் அனைவரும் உடைமையாளர். இலாபமும் நட்டமும் அவர்களுக்குள்ளேயே பகிரப்படும். வீட்டை விட்டு நாள் முழுதும் வெளியே இருக்க முடியாத பெண்ணுக்கு ஏற்றவாறு உற்பத்தி வீடுகளில் சிதறியிருக்க, கொள்முதலும் தரமும் விற்பனையும் ஒரே கையில் இருந்தன.

அகமதாபாத்தில் இளா பட் 1972இல் அமைத்த சேவா, முதலாளி இல்லாத பெண்களும் தொழிலாளரே என்று நிறுவத் தொழிற்சங்கமாகப் பதிந்தது. தலைச்சுமைக்காரிகளும் காய்கறி விற்பவர்களும் பழந்துணி வியாபாரிகளும் வங்கிக்குச் சென்றால் அங்கே மதிப்பில்லை என்று கண்டு, 1974இல் 4,000 பெண்கள் ஆளுக்கு 10 ரூபாய் போட்டுத் தமக்கெனக் கூட்டுறவு வங்கி தொடங்கினர். எழுத்தறியாதவரின் கையொப்பத்துக்கு மாற்றாக ஒளிப்படம் ஒட்டிய அடையாளம் பயன்பட்டது. சம்பளப் பட்டியல் இல்லாத இடத்தில் வங்கியே வாடிக்கையாளரின் கடைக்கும் வீட்டுக்கும் சென்று அன்றாட வசூல் செய்தது.

சிங்கப்பூர்த் தமிழ்ப் பெண்களின் நிலைக்கு மிக நெருங்கியது, அவர்களில் பலரின் முன்னோர் கப்பலேறிய மாகாணத்தின் தலைநகரிலேயே பிறந்தது. சென்னையில் ஜெயா அருணாசலம் 1978 ஏப்ரலில் 800 பெண்களோடு உழைக்கும் மகளிர் சங்கத்தைத் தொடங்கினார். இட்லி சுட்டு விற்பவர், பூ விற்பவர், காய்கறிக் கூடைக்காரி, பழைய துணிக்குப் பாத்திரம் மாற்றுபவர் ஆகியோர் அதன் உறுப்பினர். காலையில் தண்டல்காரரிடம் வாங்கி மாலையில் வட்டியோடு கட்டும் அன்றாடக் கடனே அவர்களுடைய பொதுத் துன்பம். ஒரே தெருவில் வாழும் 10 முதல் 20 பெண்கள் குழுவாகி, தமக்குள் ஒரு தலைவியைத் தேர்ந்து, ஒருவர் கடனுக்கு மற்றவர் பொறுப்பேற்றனர். நாட்டுடைமை வங்கிகளின் 4 சதவீத வட்டித் திட்டத்தில் முதலில் கடன் பெறப்பட்டது. ஆனால் வங்கிக் கிளைகளின் தாமதமும் அலட்சியமும் அலைக்கழித்ததால், 1981இல் சங்கம் தனக்கெனக் கூட்டுறவுக் கடன் சங்கத்தை நிறுவிக்கொண்டது. கடன் யாருக்குக் கொடுக்கலாம் என்பதை அலுவலகம் அல்ல, தெருவை அறிந்த தலைவியே முதலில் முடிவு செய்தாள். சிராங்கூன் சாலையில் சீட்டு பிடித்த பெண்ணுக்கு இருந்த அறிவும் அதிகாரமும் இங்கே சட்டத்தின் ஏற்பைப் பெற்றன. அதோடு, தவறியவருக்காகக் கைப்பணத்தைப் போடும் தனிப் பொறுப்பு சங்கத்தின் பொதுப் பொறுப்பாயிற்று. தர்மபுரியில் 1989இல் தொடங்கித் தமிழ்நாடெங்கும் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்களும் இந்த அக்கம்பக்கப் பிணையையே அடிப்படையாகக் கொண்டவை.

இன்றைய சிங்கப்பூரில் கூட்டுறவு வலுவான துறை. 1979இல் புதிய கூட்டுறவுச் சங்கச் சட்டமும் 1980இல் தேசியக் கூட்டுறவுச் சம்மேளனமும் வந்தன. தொழிற்சங்கங்களின் அங்காடிக் கூட்டுறவு தீவின் பெரும்பாலான குடும்பங்களுக்கு அறிமுகமானது. கிராஞ்சியிலும் தனித்தனிப் பண்ணைக்காரர்கள் 2005இல் கிராஞ்சி நாட்டுப்புறச் சங்கமாகத் திரண்டு, இரயில் நிலையத்திலிருந்து பண்ணைகளுக்குப் பேருந்து விடுவது போன்ற, தனியொருவரால் ஆகாத காரியங்களைச் சேர்ந்து செய்தனர். அது சட்டப்படி கூட்டுறவுச் சங்கம் அன்றெனினும், சிறு தொழிலாளர் சேர்ந்தால் சந்தையை எட்ட முடியும் என்பதற்கு அண்மைச் சான்று.

புதிதாகக் குடியேறும் பெண்ணுக்குத்தான் வழி குறுகியிருக்கிறது. 1978இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் வீட்டுப் பணிக்கு வரும் வெளிநாட்டுப் பெண்களில் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வருவோரும் உண்டு. வேலை அனுமதியின் நிபந்தனை அவர்கள் சொந்தத் தொழில் நடத்துவதைத் தடுக்கிறது. ஆகவே 2006இல் தொடங்கிய ஐதா போன்ற அமைப்புகள் அவர்களுக்குச் சேமிப்பையும் தொழில் நடத்தும் முறையையும் கற்பித்தாலும், தொழில் தொடங்குவது ஊர் திரும்பிய பின்னரே ஆகும். கணவரின் வேலையை ஒட்டிச் சார்ந்தோர் அனுமதியில் வரும் படித்த தமிழ்ப் பெண்களின் நிலை வேறு வகை. 2021 மே முதல் நாளிலிருந்து, அவர்கள் வேலைக்குச் செல்லத் தனி வேலை அனுமதி பெற வேண்டும். சொந்தத் தொழில் நடத்த இசைவு கேட்கும் நிறுவன இயக்குநர் குறைந்தது 30 சதவீதப் பங்கு வைத்திருக்க வேண்டும், உள்ளூரார் ஒருவரையாவது வேலைக்கு வைத்திருக்க வேண்டும் என்பவை நிபந்தனைகளுள் அடங்கும். ஆளுக்கு 30 சதவீதம் என்றால் ஒரு நிறுவனத்தில் மூவருக்கு மேல் இடமில்லை. லிஜ்ஜத்தின் எழுவர் அந்த வரம்புக்குள் அடங்கமாட்டார்கள். உழைக்கும் மகளிர் சங்கத்தின் 20 பேர் குழுவை எண்ணிப் பார்க்கவே வேண்டியதில்லை. தனியாகத் தொழில் செய்பவரையும் பெரும்பங்கு வைத்திருப்பவரையும் சட்டம் அறிகிறது. சிறு பங்குகளாகப் பலர் சேர்ந்து நடத்தும் தொழிலில் ஒருத்தியை அதற்கு அடையாளம் தெரியவில்லை.

குடியுரிமையோ நிரந்தரவாசமோ பெற்றுவிட்ட குடியேறிய பெண்களுக்கு இத்தடை இல்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் வீட்டோர் மட்டுமே சேர்ந்து சிறுதொழில் செய்யலாம், வெளியாரை வேலைக்கு வைக்கலாகாது என்ற விதியால், பத்துப் பெண்கள் ஒரு வீட்டில் கூடி முறுக்குச் சுடுவது இயலாது. ஆனால் அவரவர் வீட்டில் அவரவர் செய்து, மாவும் எண்ணெயும் மொத்தமாக வாங்குவதையும் தரம் பார்ப்பதையும் விற்பதையும் பதிவுபெற்ற சங்கம் ஏற்பது அந்த விதிக்கு முரணாகாது. தீபாவளிக்கு முந்திய வாரங்களில் அடுக்குமாடி வீடுகளில் முறுக்கும் அதிரசமும் அச்சுமுறுக்கும் செய்து தெரிந்தவர்களுக்கு விற்கும் பெண்கள் ஏற்கெனவே பலர். அவர்களில் சீட்டு நடத்தத் தெரிந்தவர்களும் உண்டு. அவர்கள் தனித்தனியே சில்லறை விலைக்கு வாங்கும் மாவையும் எண்ணெயையும் சேர்த்து வாங்குவதே அத்தகைய சங்கத்தின் முதல் வேலையாக இருக்க முடியும்.